வீதி எட்டாத நிலையம்

புகையிரத நிலையம் என்றதும் நம் மனக்கண் முன் எழும் காட்சி யாது? முகப்பிலே வாடகைக் கார்களின் வரிசை. கச்சான் கடலை விற்கும் கிழவி. பொதிகளோடு குந்தியிருக்கும் குடும்பங்கள். நிலையத்தை விட்டு வெளியேறினால் ஊரின் பெருந்தெரு. ஊர் முந்திப் பிறந்தது. நிலையம் பிந்தி வந்தது. உலகெங்கும் இதுவே வழமை.

ஸ்கொட்லாந்து தேசத்தின் மேற்கு மலைநாட்டிலே இவ்வழமைக்குப் புறம்பான நிலையம் ஒன்று உண்டு. அதற்கு ஊர் இல்லை. கடைத்தெரு இல்லை. வீதிகூட இல்லை. மிக அண்மையிலுள்ள பொது வீதிக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மைல் நடக்க வேண்டும். கொராவர் என்பது அந்நிலையத்தின் பெயர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,340 அடி உயரத்தில் நிற்கும் அதுவே பிரித்தானியாவின் பிரதான புகையிரதப் பாதைகளிலுள்ள நிலையங்களுள் மிக உயரமானது. 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலையில் நின்று பனிமூட்டத்தைப் பார்த்த நம்மவர்க்கு இந்த உயரம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் வட துருவத்தை நோக்கி அவ்வளவு தூரம் சென்ற பிறகு, ஆயிரம் அடி என்பது வேறு கணக்காகிவிடுகிறது.

ஊரில்லாத இந்நிலையத்துக்கு ஆட்கள் வருவது எதற்காக? தங்குவதற்காகத்தான். புகையிரதத்தின் பொருட்டு எழுப்பிய கட்டடங்கள் இன்று உணவு விடுதியாகவும் விருந்தினர் இல்லமாகவும் விளங்குகின்றன. ஒரு காலத்தில் வண்டிகளின் போக்குவரவை ஆண்ட சமிக்ஞைக் கூடத்திலே இப்போது உல்லாசப் பிரயாணிகள் உறங்குகிறார்கள். இயற்கையைச் சிதைக்காது நிலைபேறாக வாழ்தல் என்று இக்காலத்தில் எங்கும் பேசக் கேட்கிறோம். கொராவரிலே அது பேச்சன்று. அங்கே அவ்வாறன்றி வேறு விதமாக வாழ்வது கடினம். அதனாலேயே அவ்விடத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

கிளாஸ்கோ நகரத்துக் குயீன் ஸ்திரீற் நிலையத்தில் வண்டியேறினால் கொராவருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பிரயாணம். முதலிற் கிளைட் நதியின் கழிமுகம், அடுத்து லோமண்ட் ஏரியின் மேற்குக் கரை, பின்னர் மலையிடுக்குகள். கிறியன்லாறிக் என்னும் சந்தியிலே வண்டி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஓபன் துறைமுகத்துக்கும், மறு பாதி போட் வில்லியம், மலேக் பக்கமும் போகும். எந்தப் பெட்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அதற்கு முன்னரே பார்த்துக்கொள்ளாதவர் கொராவரைக் காண நினைத்துக் கடலைக் காண நேரும்! அப்பால், பெய்ன் டோறன் மலையடியிலே பாதை குதிரை லாடம் போல் வளைந்து திரும்புகிறது. பாலம் கட்டப் பணமில்லாமையால் இந்தச் சுற்று. பிறிட்ஜ் ஒவ் ஓர்க்கி நிலையமும் கழிந்தபின் மரங்கள் குறைகின்றன, வேலிகள் குறைகின்றன, கடைசியில் மனிதனுடைய கைபட்டதாக எதுவுமே தென்படாத வெளி ஒன்று விரிகிறது. அதுவே றன்னொக் வெளி.

ஐம்பது சதுர மைல் அளவான இவ்வெளியை நிலம் என்பதா, நீர் என்பதா? இரண்டும் பொருந்தும். பாறையும் குட்டையும் கரிய சேறுமாக அது கிடக்கிறது. குளிரிலும் ஈரத்திலும் பாசியும் புல்லும் உக்கிப் போகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அமிழ்ந்து உண்டான இச்சேற்றைப் பீற் என்பர். நிலக்கரியாக மாறும் வழியில் பாதியிலே நின்றுவிட்ட பொருள் என்று சொல்லலாம். வெட்டி உலர்த்தினால் அடுப்பெரிக்கலாம். அவ்வூர் ஏழைகள் நெடுங்காலம் அதைத்தான் எரித்துக் குளிர்காய்ந்தார்கள். இன்று அறிவியலார் அதனை வேறு கண்கொண்டு நோக்குகிறார்கள். உலக நிலப்பரப்பிலே நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற்படாத இத்தகைய நிலங்கள், உலகத்துக் காடுகளிலுள்ள மரங்கள் அனைத்தும் சேர்ந்து தாங்கும் கரியிலும் அதிகமான கரியைத் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. சேறு ஈரமாயிருக்கும் வரை கரி வெளியேறாது; உலர்ந்தால் காற்றோடு கலந்துவிடும். ஆகவே வண்டியின் சாளரத்தினூடாக நாம் பாழ்வெளி என்று பார்ப்பது உண்மையில் ஒரு பெரிய களஞ்சியமாகும்.

இந்தச் சேற்றின்மேல் புகையிரதம் ஓடுவது எப்படி? அது ஒரு தனிக் கதை.

1889 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முடிவிலே, பாதை அமைக்கும் எண்ணத்தோடு ஏழு பேர் இவ்வெளியைக் கால்நடையாகக் கடக்கப் புறப்பட்டார்கள். பொறியியலாளர்கள், ஒப்பந்தகாரர், நில நிர்வாகி எனப் பெரிய மனிதர்கள். பிற்காலத்தில் பெரும் கட்டட நிறுவனமொன்றின் தலைவராகப் புகழ்பெற்ற றொபேட் மக்கல்பைன் அவர்களுள் ஒருவர். ஸ்பீன் பிறிட்ஜ் என்னும் இடத்திலிருந்து நாற்பது மைல் நடக்க வேண்டும். காலமோ நடுக் குளிர்காலம். அவர்களிற் சிலர் நகரத்துக்குரிய உடை அணிந்து, கையிலே குடை பிடித்துச் சென்றார்கள் என்பதை வாசிக்கும்போது சிரிப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை. ட்றெய்க் ஏரியை இரவிலே ஒரு பொத்தல் தோணியில் கடந்தார்கள். உள்ளே புகுந்த நீரைச் சப்பாத்துக்களால் இறைத்தார்கள். மறுநாள் வெளியிலே மழையும் ஆலங்கட்டியும். அறுபது வயதான நில நிர்வாகி நடக்க மாட்டாது விழுந்துவிட்டார். இருட்டியதும் கூட்டம் சிதறியது. துணைப் பொறியியலாளர் வேலிக் கம்பியொன்றில் இடறி விழுந்து நெடுநேரம் நினைவிழந்து கிடந்தார். அறிவு தெளிந்தபின், தன்னை வீழ்த்திய அவ்வேலியையே வழித்துணையாகப் பற்றிக்கொண்டு நடந்து, ஈற்றில் ஆட்டிடையர் இருவரைக் கண்டார். அவ்விடையர்களாலேயே அவர்கள் உயிர் தப்பினார்கள். அடுத்த நாள் அவ்வெளியிலே கடும் பனிப்புயல் வீசியது. ஒரு நாள் தாமதித்திருந்தால் ஏழு பேரும் எலும்பாகியிருப்பார்கள், பாதையும் பிறந்திராது.

பாதை பிறந்தது. ஆழங் காண முடியாத சேற்றிலே மரவேர்களையும் சுள்ளிக் கட்டுக்களையும் பாய்போல் பரப்பி, அதன்மேல் ஆயிரக்கணக்கான தொன் மண்ணையும் சாம்பலையும் கொட்டி, அந்தப் பாயின்மேல் தண்டவாளத்தை இட்டார்கள். தெப்பத்தின்மேல் தேரோட்டுவது போன்ற வேலை! கொட்டிய மண்ணெல்லாம் சேற்றுள் மறைந்தது; அதோடு கொம்பனியின் பணமும் மறைந்தது. அச்சமயம் றென்ரன் என்னும் இயக்குநர் தமது சொந்தச் செல்வத்திலே ஒரு பகுதியைக் கொடுத்து வேலையை முடிக்கச் செய்தார். பாதையமைத்த கூலியாட்கள் நன்றி மறக்கவில்லை. பெரும் பாறையொன்றிலே அவருடைய முகத்தைச் செதுக்கி றன்னொக் நிலையத்து மேடையோரம் நிறுத்தினார்கள். அப்பாறை இன்றும் அங்கே நிற்கிறது. அரசர்களுக்குச் சிலை வைத்த சிற்பிகளை நாம் அறிவோம். மண்வெட்டி பிடித்த கைகள் முதலாளிக்குத் தாமாகவே சிலை வைத்தது அரிது.

1894 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7 ஆந் திகதி போட் வில்லியம் வரை வண்டிகள் ஓடத் தொடங்கின. றன்னொக்குக்கும் கொராவருக்கும் இடையே பனி மூடிவிடும் ஆழமான வெட்டு ஒன்றுக்கு நீண்ட கூரை வேய்ந்திருக்கிறார்கள். புகையிரதம் நனையாமலிருக்கக் கூரையா என்று கேட்கத் தோன்றும். பெய்யும் பனி தண்டவாளத்தைப் புதைத்துவிடாமல் இருப்பதற்கே அக்கூரை.

ஒரு சீமானுக்காக ஒரு நிலையம்

கூரையைக் கடந்து சற்றே ஏறியதும் வண்டி கொராவரில் நிற்கிறது. இறங்குவோர் நாலைந்து பேர்; முதுகிலே பொதி, காலிலே கனத்த சப்பாத்து. வண்டி போனபின் உண்டாகும் அமைதி காதை அடைக்கும். நம் நாட்டு நிலையங்களிலே வண்டி போனபின்னர்தான் ஆரவாரம் தொடங்கும். அங்கே முற்றிலும் மாறு.

ஆட்களே இல்லாத இடத்தில் நிலையம் எதற்கு? 1891 இல் ஜோன் ஸ்ரேளிங் மக்ஸ்வெல் என்ற இளஞ் சீமான் கொராவர் எஸ்டேட்டை வாங்கினார். எஸ்டேட் என்றதும் தேயிலை மலையை நினைத்துவிடலாகாது. அங்கே அச்சொல் பெரும்பாலும் மான் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஒதுக்கிய பெருநிலத்தைக் குறிக்கும். அவருடைய நிலத்தினூடாகப் பாதை போக வேண்டியிருந்தது. அவருக்கோ வேட்டைக்கு வரும் விருந்தினரை இறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்வாறு நிலையம் உருவாயிற்று. விருந்தினர் வண்டியை விட்டிறங்கி, குதிரை வண்டியில் ஒரு மைல் சென்று, ஒஷியன் ஏரிக்கரையிலுள்ள சிறு மண்டபத்தில் காத்திருந்து, நீராவிப் படகேறி, மூன்று மைல் நீளமான ஏரியின் மறுகோடியிலிருந்த மாளிகையை அடைவார்கள். 1934 வரை பொதுமக்களுக்கான நேர அட்டவணையிலே கொராவரின் பெயர் இடம்பெறவில்லை. அம்மாளிகை 1942 இல் தீக்கிரையாயிற்று. மாளிகைக்காகப் பிறந்த நிலையமோ மாளிகையைப் பிழைத்து நிற்கிறது.

ஸ்ரேளிங் மக்ஸ்வெல் வேட்டையோடு நின்றுவிட்டவர் அல்லர். மரமே வளராது என்று பிறர் கைவிட்ட சேற்று நிலத்திலே, பெல்ஜியத்தில் வழங்கிய முறையைப் பின்பற்றி, புல்மண்ணைக் கட்டியாக வெட்டிப் புரட்டி அதன்மேல் கன்று நட்டு மரம் வளர்த்துக் காட்டினார். பின்னாளில் பிரித்தானிய வனத் திணைக்களத்தின் தலைவருமானார். அவர் காட்டிய வழியிலே பிற்காலத்தில் பல்லாயிரம் ஏக்கர் சேற்று நிலம் வடிகால் வெட்டி மரக்காடாக்கப்பட்டது. அக்காலத்தார் அதனைச் சாதனை என்றனர்; இக்காலத்தார், உலரும் பீற்றிலிருந்து வெளியேறும் கரியைக் கணக்கிட்டு, நட்டதைப் பிடுங்கி வடிகாலை அடைக்கும் வேலையிலே பல இடங்களில் இறங்கியிருக்கின்றனர். அம்மனிதரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் நட்ட காலத்தில் அறிந்ததைக் கொண்டு நட்டார். ஆயினும் மண்ணைத் திருத்துகிறோம் என்று கிளம்புவோர் ஒருமுறை கொராவருக்குப் போய்வருதல் நன்று.

சமிக்ஞைக் கூடத்துக்கு வருவோம். ஒற்றைத் தடப் பாதையிலே எதிரெதிராக இரு வண்டிகள் மோதிவிடாதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அனுமதிச் சின்னம் உண்டு. அது சாரதியின் கையில் இல்லாவிடில் வண்டி அப்பகுதிக்குள் புகலாகாது. நம் மலைநாட்டுப் பாதையிலே நிலைய அதிபர் பெரிய வளையமொன்றைச் சாரதியிடம் நீட்டுவதையும், சாரதி மற்றொரு வளையத்தை எறிவதையும் சாளரத்தால் எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கொராவரிலும் இவ்வேலை நடந்தது. அதற்காகவே அங்கு ஆட்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். 1988 இல் அச்சின்னத்தை வானொலி அலை மூலம் சாரதியின் முன்னுள்ள கருவிக்கே அனுப்பும் முறை வந்தது. ஒரே இடத்திலிருந்து நெடுந்தூரப் பாதை முழுவதையும் ஆளலாயிற்று. கொராவரின் கூடம் வேலையிழந்தது. அங்கிருந்த ஆட்களும் வேலையிழந்தார்கள்.

இத்தகைய கட்டடங்களின் விதி பெரும்பாலும் யாதென்பது தெரிந்ததே. முதலிற் கண்ணாடி உடையும். பிறகு கூரை ஒழுகும். அப்புறம் ஆடு கட்டுவார்கள். கொராவரில் அவ்வாறு நேராமற் காத்தது விருந்தோம்பல்தான். நிலைய இல்லம் உணவு விடுதியாயிற்று. சமிக்ஞைக் கூடத்தின் உயரமான சாளரங்கள் வண்டி வருகிறதா என்று இரு திசையும் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டவை. அவையே இன்று விருந்தினருக்கு மலையையும் மானையும் காட்டுகின்றன.

இல்லம் நடக்கும் விதம்

இத்தகைய இடத்தில் இல்லம் நடத்துவோரின் நாள் எத்தகையது? அவர்களுடைய கடிகாரம் புகையிரத அட்டவணை. நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் ஒருசில வண்டிகளே வரும். வண்டி வரும் வேளையில் விடுதி நிறையும்; போனபின் வெறிச்சோடும். இடையிலே மலையேறிகள் நனைந்த உடையோடு வந்து சேர்வர். வண்டியைத் தவறவிட்டவனை, "போய் அடுத்த வீதியில் பஸ் பிடி" என்று அனுப்ப முடியாது. அவனுக்கு உணவும் படுக்கையும் கொடுத்தாக வேண்டும். விருந்து என்ற சொல்லுக்குப் புதியவர் என்ற பழம்பொருள் உண்டல்லவா? கொராவரிலே அப்பழம்பொருள் இன்றும் வழக்கில் இருப்பதாகக் கொள்ளலாம்.

உப்பும் சீனியும் மாவும் புகையிரதத்திலோ, எஸ்டேட்டுக்குச் சொந்தமான கரடுமுரடான தனிப்பாதையிலோ பல மைல் கடந்து வரவேண்டும். ஒன்றை மறந்துவிட்டால் கடைக்குப் பிள்ளையை ஓடவிட வழியில்லை. ஆகவே எதனை வாங்குவது என்பதிலும், எதனை வாங்காமல் விடுவது என்பதே பெரிய யோசனை. உள்ளே வரும் ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு பெட்டியும் அதே வழியால் திரும்பிப் போகவும் வேண்டும். நகரத்திலே குப்பை வண்டி வந்து நம் பாவங்களை வாரிக்கொண்டு போய்விடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். கொராவரில் குப்பைக்குக் கூலி உண்டு, தூரம் உண்டு. அதனால் குப்பை குறைகிறது. இதிலே தத்துவம் எதுவும் இல்லை, கணக்குத்தான்.

உணவிலும் இக்கணக்கே. அவ்விடத்து மான் இறைச்சி விடுதியின் மேசைக்கு வருகிறது. சைவ நெறியில் நிற்கும் வாசகர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும் அதன் காரணத்தைக் கேட்டபின் சுளிக்கட்டும். ஸ்கொட்லாந்தில் ஓநாய்கள் அழிந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பகையில்லாத மான் பெருகியது. வேட்டைச் சீமான்களும் பெருகுவதையே விரும்பினர். பெருகிய மான் முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்துவிட, பழைய பைன் மரங்களும் பேர்ச் மரங்களும் பிள்ளையில்லாத கிழவர் போல நின்று மடிந்தன. இப்போது அங்கே மானின் தொகையை மட்டுப்படுத்தி, இயற்கையாகவே மரம் முளைக்க விடும் முயற்சி நடக்கிறது. சுட்ட மானை வீணாக்காது சமைக்கிறார்கள். தொலைதூரத்து ஆட்டிறைச்சியைக் குளிரூட்டிய பெட்டியில் தருவிப்பதிலும் இது நேர்மையானது என்பதே என் அபிப்பிராயம்.

ஏரிக்கரையில் சீமானின் விருந்தினர் படகுக்குக் காத்திருந்த சிறு மண்டபம் ஒன்றைச் சொன்னேன். அதற்கும் மறுபிறப்பு உண்டு. 1931 இல் ஸ்கொட்லாந்து இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றியது. கையிற் காசு குறைந்த தொழிலாளரும் மாணவரும் மலைநாட்டைக் கண்டு மகிழ வேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சங்கம் அம்மண்டபத்தை ஏற்று எளிய தங்குமிடமாக்கியது. சீமான்கள் காத்திருந்த இடத்திலே கிளாஸ்கோவின் தொழிற்சாலைப் பையன்கள் படுத்துறங்கினார்கள்! 2003 இல் அதனைப் புதுப்பித்தபோது சிறு காற்றாலையும் சூரிய ஒளித் தகடுகளும் பொருத்தி மின்சாரம் பெற்றார்கள். நீரில்லாத உலர் மலகூடங்களை அமைத்தார்கள். குளித்துக் கழுவிய நீர் ஏரியிற் போய்க் கலவாது மண்ணிலே வடிந்து தெளிய வழிசெய்தார்கள். கூரையில் வாழும் வௌவால்களுக்கு ஊறு செய்யாத பூச்சையே பூசினார்கள். வௌவாலுக்கும் விருந்தோம்பல்!

இப்படியெல்லாம் வாழ்வதில் துன்பம் இல்லையா? உண்டு. கோடையிலே மிஜ் என்னும் கடிகொசுகு மேகம் போல் எழும். நுளம்பிலும் மிகச் சிறியது, கூட்டமோ கணக்கற்றது. சாளரம் திறந்து காற்று வாங்க விரும்பும் நம்மவர் அதற்குள் அரை நாழிகை நில்லார். மழை நாட்களிலே கம்பளிக் காலுறை உலர்வதே பெரும் பிரச்சினை. குளிர்காலத்தில் விருந்தினர் இல்லத்தை மூடிவிடுவர். நிலையத்தில் வண்டி மட்டும் நின்று போகும். பனியில் இரைகாணாத மான்கள் பாதையோரம் வரை இறங்கி வரும்.

அங்கிருந்து நடக்க விரும்புவோருக்கு ஏரியைச் சுற்றும் பாதை இலகுவானது. மேடையின் எதிரே எழும் மலைக்குக் கேலிக் மொழியில் 'வில்லியத்தின் பாய்ச்சல்' என்று பொருள்படும் பெயர். உயரம் 909 மீற்றர். 1996 இல் வெளிவந்த 'ட்றெயின்ஸ்பொட்டிங்' என்ற திரைப்படத்தின் காட்சியொன்று இம்மேடையிலே எடுக்கப்பட்டது. நகரத்து இளைஞர் நால்வர் இறங்கி, மலையை அண்ணாந்து பார்த்து, ஏறாமலே திரும்பிவிடுவர். அக்காட்சியை நினைத்துக்கொண்டு இன்றும் பலர் வந்து அதே இடத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். இவர்களிலும் எத்தனை பேர் மலையேறுகிறார்கள் என்பது சந்தேகமே!

வண்டி நின்றால்?

இவ்வளவும் ஒரு நூலிலே தொங்குகிறது. அந்நூல் புகையிரதம். வீதியுள்ள ஊரிலே வண்டி நின்றுபோனால் பஸ் ஓடும். கொராவரில் வண்டி நின்றால் அத்தோடு எல்லாம் நின்றுவிடும்.

இது வெறும் அச்சமன்று. இலண்டன் நகரத்து யூஸ்ரன் நிலையத்தில் இரவு ஏறிப் படுத்து, மறுநாட் காலை ஒன்பது மணியளவில் கொராவரிலே கண்விழித்து இறங்கக்கூடிய படுக்கை வண்டி ஒன்று உண்டு. இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் நிறுத்துவார்கள். 1995 இல், அரசின் கைவிட்டுத் தனியார் கைக்கு மாறும் தறுவாயிலிருந்த பிரித்தானியப் புகையிரத சபை இவ்வண்டி நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி நிறுத்த முற்பட்டது. வேட்டைக்காரச் சீமான்களின் வண்டி என்று பத்திரிகைகள் பரிகசித்தன. மலைநாட்டு மக்களோ அதனைத் தம் உயிர்நாடி என்றனர்.

அப்போது நடந்த ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பாதையொன்றை மூடுவதாயின் மக்களின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது சட்டம். படுக்கை வண்டி கிளாஸ்கோவின் அருகே சில சிறு தடத்துண்டுகளின் வழியாகப் போகும். அத்துண்டுகளில் வேறு பிரயாணி வண்டிகள் ஓடுவதில்லை. ஆகவே படுக்கை வண்டியை நிறுத்தினால் அத்துண்டுகளை மூடியதாகக் கொள்ளப்படும். விசாரணை வைக்க வேண்டிவரும். இதனைத் தவிர்க்கச் சபையார் செய்ததென்ன? நடுச்சாமத்திலே அத்துண்டுகளின்மேல் யாருக்கும் பயன்படாத வண்டியை ஓடவிட்டு, 'பாதை மூடப்படவில்லை' என்று காட்ட முனைந்தார்கள். பேய் வண்டிகள் என்று மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். மலைநாட்டுப் பிராந்திய சபை எடின்பரோ உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. சட்டம் கேட்கும் விசாரணையைச் செய்யாமல் வண்டியை நிறுத்தலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. வண்டி பிழைத்தது. இன்றும் ஓடுகிறது.

அத்தீர்ப்பு மறுபக்கமாகப் போயிருந்தால், இலண்டன் பக்கமிருந்து வரும் விருந்தினருக்குக் கொராவர் நெடும் பகற் பிரயாணமாகியிருக்கும். வருவோர் குறைவர், குறைந்தால் விடுதி மூடும், மூடினால் இறங்குவோர் இன்னும் குறைவர், இறங்குவோரில்லாத நிலையத்தில் வண்டி எதற்கு என்று யாரேனும் ஓர் அலுவலர் கேட்பார். இவ்வட்டம் எவ்வளவு விரைவாகச் சுழலும் என்பதை மூடுண்ட பாதைகள் நிறைந்த அந்நாட்டார் நன்கறிவர். ஆகவே அவ்விடுதியில் ஒருவர் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு வகையிலே புகையிரதத்துக்கு இடும் கரிதான்.

கொராவர் தனித்து நிற்கவில்லை என்பது ஆறுதல். அதே பாதையில் முன்னும் பின்னுமுள்ள நிலையங்களும் ஒவ்வொன்றாக இவ்வழியைப் பற்றியிருக்கின்றன. பிறிட்ஜ் ஒவ் ஓர்க்கியின் நிலையக் கட்டடத்தில் கால்நடைப் பிரயாணிகளுக்கு அடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். றன்னொக்கில் தேநீர்க்கூடம் நடக்கிறது. வடக்கே துல்லொக் நிலையக் கட்டடமும் தங்குமிடமாயிற்று. 1901 இல் மலேக் வரை நீட்டிய பகுதியிலே, கிளென்பினன் நிலையம் 1991 முதல் நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே ஓடி ஓய்ந்த படுக்கைப் பெட்டியொன்றை நிறுத்தி அதிலும் விருந்தினரைத் தங்கவைத்தார்கள். சுவிற்சர்லாந்து மலைவீடுகளின் சாயலிலே அமைந்த இப்பாதையின் நிலையங்களிற் பல அழியாமல் நிற்பதற்கு இத்தேநீரும் கட்டிலும் காரணம்.

மாலை முடிந்ததும் தெற்கு நோக்கிய படுக்கை வண்டி வருகிறது. ஆனி மாதமாயின் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஊர் திரும்புவோர் இரண்டொருவர் பொதிகளோடு மேடையில் நிற்பர்; வண்டிக் காவலர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கேட்டு ஏற்றிக்கொள்வார். மறைக்க மரமில்லாமையால் கடைசிப் பெட்டியின் செவ்விளக்கு வெளியின்மேல் நெடுந்தூரம் போவது தெரியும். தங்குவோர் சமிக்ஞைக் கூடத்துப் படியேறுவர். கீழே விடுதியில், நாளை வண்டியில் எத்தனை பேர் இறங்குவர், எத்தனை இறாத்தல் மாவு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.